மழை எச்சரிக்கையும் நம் மெயின் சுவிட்சும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



"ரெட் அலர்ட்னு சொன்னாங்க, மழையே காணோம்" என்று உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நியாயம்தான். 2024 அக்டோபர் 16-க்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலம் வடக்கே விலகியது. பயந்த அளவு மழை இல்லை.

ஆனால் 2021 டிசம்பர் 30-ஐயும் நினைத்துப் பாருங்கள். மதியம் திடீரென்று கொட்டியது. சிவப்பு எச்சரிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. அன்று சென்னையில் மின்சாரம் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள்.

சிவப்பு என்றால் மாவட்டத்தில் எங்கோ சில இடங்களில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்றுதான் பொருள். நம் தெருவில் பெய்யும் என்றில்லை. மயிலாப்பூரில் கொட்டும் மேகம் ஆவடியில் தூறலோடு போகலாம். இன்னொன்று, அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர். நடுவில் இருக்கும் நாம் இரண்டையும் பார்க்க வேண்டும். வானிலை மையம் தரும் மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் பாருங்கள்.

2023 மிக்ஜாம் புயலில், பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நம் வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்தார். நாம்தான் அனுப்பினோம். அனுப்பியிருக்கவே கூடாது.

இனி கேட்டருகே தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே கரண்டை நிறுத்திவிடுவோம், எச்சரிக்கை எந்த நிறமானாலும். லிஃப்ட் மேல்தளத்தில் நிற்கும். "ஏன் அதுக்குள்ள நிறுத்தினீங்க?" என்று அப்போது யாரும் போன் செய்யாதீர்கள். சம்மதமென்றால் கை தூக்குங்கள்.