ஊதிப் பார்க்கும் கணக்கு

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சேர்கிறது. காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவது கடினமாகிறது. வீசிங் என்று பலரும் சொல்லும் விசில் சத்தம் அப்படி எழுவது. இந்தக் குறுக்கம் ஒரே அளவில் நிற்பதில்லை. விடியற்காலையில் கூடும், பகலில் தணியும், மருந்தில் விரியும்.

குறுக்கத்தை அளப்பது ஸ்பைரோமெட்ரி. 1846-இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன் அறிமுகப்படுத்திய கருவியின் வழிவந்தது. மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயில் படாரென ஊதி, இனிக் காற்றே இல்லை என்னும் வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் “ஊதுங்க, இன்னும் ஊதுங்க” என்று அதட்டுவதற்குக் காரணம் உண்டு: பாதியில் விட்டால் எண் தவறாகிவிடும். சரியாக ஊதிய மூன்று முயற்சிகளாவது தேவை.

அறிக்கையில் முக்கியமானவை இரண்டு அளவுகள். எஃப்.வி.சி. என்பது முழு மூச்சில் வெளிவந்த மொத்தக் காற்று, எஃப்.இ.வி.1 என்பது அதில் முதல் ஒரு விநாடியில் வந்தது. மொத்தம் 3 லிட்டர், முதல் விநாடியில் 1.8 லிட்டர் என்றால் விகிதம் 60 சதவீதம். பெரியவர்களுக்கு இது பொதுவாக 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வயதானால் சற்றுக் குறையும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை நான்கு பஃப் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். 1.8 லிட்டர் 2.2 ஆனால் ஏற்றம் 400 மில்லி, அதாவது 22 சதவீதம். 200 மில்லியும் 12 சதவீதமும் சேர்ந்து உயர்ந்தாலே குறுக்கம் மருந்தில் விரிகிறது என்று கொள்வது நெடுநாள் வழக்கம். சோதனைக்கு முன் எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

‘எதிர்பார்க்கும் அளவில் இத்தனை சதவீதம்’ என்ற பத்திதான் பலரையும் கலங்கடிப்பது. வயது, உயரம், பால் மூன்றையும் வைத்து, நலமாக இருப்பவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு அது. யாருடைய அளவு என்பதும் முக்கியம். ஐரோப்பிய அளவுகோலை அப்படியே வைத்தால் நம்மவர் நுரையீரல் குறைபட்டதாகத் தோன்றும். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் சென்னையின் ஆரோக்கியமான இளைஞர்களை ஊதச்சொல்லி அளந்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டதன் பயன் இங்கேதான்.

ஊதிய நேரத்தில் குழாய் விரிந்திருந்தால் அறிக்கை ‘நார்மல்’ என்றே வரும். அதனால் மட்டும் ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது. ஊதும் வேகத்தை அளக்கும் கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டர் இந்த இடைவெளியை நிரப்புகிறது. காலையும் மாலையும் ஊதி நோட்டில் எழுதினால் ஏற்ற இறக்கம் தெரியும்.

சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற பகுதிகளில் இந்த நோட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. ஸ்பிரே பெயின்டில் உள்ள ஐசோசயனேட், சால்டரிங் புகை, பேக்கரி மாவு ஆகியவை வேலையிடத்தில் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியவை. வேலை நாட்களில் அளவு இறங்கி, லீவு நாட்களில் ஏறினால் சந்தேகம் வலுக்கும். அதற்கு வேலை நாளிலும் விடுமுறையிலும் தினமும் நான்கு முறையாவது, சில வாரங்கள் ஊதிக் குறிக்க வேண்டும். காரணம் தெரியாமல் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண்.

வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர். இளைப்பில்லாத நாளிலும் மருத்துவர் சொன்ன முறையில் அதை விடாமல் எடுக்க வேண்டும். சால்பியூட்டமால் பம்ப் உடனே குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. அதை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையை சர்வதேச வழிகாட்டுதல்கள் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. சிகிச்சை தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதத்தில் ஸ்பைரோமெட்ரியை மறுபடி செய்து, அப்போது கிடைக்கும் சிறந்த அளவை அவரவருக்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பீக் ஃப்ளோ தன் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கவனம் தேவை. பாதிக்கும் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச மூச்சு போதாவிட்டாலோ பம்ப் மருந்தை எடுத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.