உரத்தோடு தலையில் கட்டப்படும் பொருள்கள்: உழவரின் உரிமை என்ன?

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்து வரும் நேரம். மேலுரம் இட்டாக வேண்டும். உரக்கடைக்குச் சென்று மூன்று மூட்டை யூரியா கேட்கிறீர்கள். "யூரியா இருக்கிறது. ஆனால் மூட்டைக்கு ஒரு புட்டி திரவ உரமும் சேர்த்து எடுத்தால்தான் தர முடியும்" என்று பதில் வருகிறது. சில இடங்களில் புட்டிக்குப் பதில் நுண்ணூட்டக் கலவை, குருணை மருந்து, வளர்ச்சி ஊக்கி என்று ஏதாவது ஒன்று வருகிறது. இதற்கு 'இணைப்பொருள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டாத பொருளை நம் தலையில் கட்டுவதற்கு இது ஒரு நாகரிகமான பெயர்.

இதனால் ஏற்படும் செலவைக் கணக்குப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. மூன்று மூட்டைக்கு 799 ரூபாய் 50 காசு ஆகிறது. மூட்டைக்கு 225 ரூபாய் விலையில் ஒரு புட்டி சேர்த்துக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மட்டும் 675 ரூபாய். ஆக மொத்தம் 1,474 ரூபாய் 50 காசு. அரசு மானியம் கொடுத்து விலையைக் குறைத்து வைத்திருக்கும் உரம், வயலுக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ இரு மடங்கு விலையாகிவிடுகிறது.

இப்படி வாங்க நேர்ந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தேவையான பொருளும் திணிக்கும் பொருளும்

இணைப்பொருள்கள் எல்லாம் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. துத்தநாகச் சத்துக் குறைந்த நெல் வயலுக்கு எக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டு இடுமாறு நாங்களே பரிந்துரை செய்கிறோம். ஆனால் அந்தக் குறை உங்கள் வயலில் இருக்கிறதா என்பதை மண் பரிசோதனையும் பயிரின் தோற்றமும் சொல்ல வேண்டும். கடையில் தேங்கிக் கிடக்கும் சரக்கு அதைச் சொல்ல முடியாது. மண் ஆய்வு அறிக்கை கையில் இருந்தால் "என் நிலத்துக்கு இது தேவையில்லை" என்று தைரியமாகச் சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு நடைமுறையில் இருந்த 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கட்டுப்படுத்தும் வணிக முறை' என்று ஒன்று விளக்கப்பட்டிருக்கிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவது இதில் அடங்கும். நம் உரக்கடைப் பிரச்சினைக்கென்றே எழுதி வைத்தது போல இருக்கிறதல்லவா?

உரம் அத்தியாவசியப் பண்டம். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒவ்வொரு கடையிலும் உர இருப்பையும் விலையையும் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் விற்கக்கூடாது. வாங்குபவருக்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். மானிய உரத்தோடு நானோ உரங்களையும் உயிர் ஊக்கிகளையும் கட்டாயப்படுத்தி விற்பதைத் தடுக்க வேண்டும் என்று, 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார்.

"நாங்கள் விவசாயிகள்; நுகர்வோர் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?" என்று சிலர் கேட்கலாம். பொருந்தும். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்கிறது. ஆந்திரப் பிரதேச விவசாயிகள் தேசிய விதைக் கழகத்தின் மீது தொடுத்த வழக்கில், விதை வாங்கிய விவசாயி நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது.

மூன்று வகைப் பொருள்கள்

திருப்பித் தரும் உரிமை எல்லாப் பொருளுக்கும் ஒன்றுபோல் இல்லை. மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது.

முதல் வகை, நாமே விரும்பி வாங்கிய நல்ல பொருள். தீபாவளிச் சமயத்தில் ஒரு விலைக்கு மூன்று பாத்திரம் என்று விற்கிறார்கள். வாங்கி வந்தபின் ஒன்று வேண்டாம் என்று தோன்றுகிறது. பொருளில் குறை இல்லாதபோது, மனம் மாறியதற்காக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ரசீதில் "இத்தனை நாளுக்குள் மாற்றித் தரப்படும்" என்று அச்சிட்டிருந்தால் அதன்படி கேட்கலாம். ஆகவே சேர்த்து விற்கும் பொருளை வாங்கும்போது தனித்தனி விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 'இலவசம்' என்று சொல்லி அதன் விலையை மற்ற பொருளில் ஏற்றியிருந்தால் அது நேர்மையற்ற வணிக முறை. அதன்மேல் புகார் செய்யலாம்.

இரண்டாம் வகை, குறையுள்ள பொருள். புட்டி கசிகிறது, காலாவதி நாள் கடந்துவிட்டது, மூட்டையில் எடை குறைகிறது என்பவை இதில் சேரும். ரசீதில் குறித்துள்ள காலத்துக்குள், அப்படி ஏதும் குறிக்கவில்லையானால் 30 நாட்களுக்குள், பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக முறை ஆகும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்த வாசகம் சட்டத்தை மீற முடியாது.

மூன்றாம் வகை, கட்டாயப்படுத்திக் கொடுத்த பொருள். இதில் பொருள் நல்லதா கெட்டதா என்ற கேள்வி எழாது. கட்டாயப்படுத்தியதே தவறு. நம் உரக்கடைப் புட்டி இந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்பதைக் காட்ட நம்மிடம் சான்று வேண்டும். நம்மவர்கள் தோற்றுப் போவது இந்த இடத்தில்தான்.

சான்று சேர்ப்பது எப்படி?

பயிரைப் பட்டினி போட்டுவிட்டு வழக்காடுங்கள் என்று சொல்லமாட்டேன். மேலுரம் இட வேண்டிய நாளில் இட்டாக வேண்டும். முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். விலைப் பலகையில் இருப்பு எவ்வளவு என்று பாருங்கள். இருப்பு இருந்தும் தனியாகத் தர மறுத்தால், அங்கிருந்தே வேளாண்மை அலுவலருக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். அதன் பின்னும் வேறு வழியில்லாமல் வாங்க நேர்ந்தால் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. மானிய உரத்துக்குக் கைரேகைக் கருவியிலிருந்து ரசீது வரும். இணைப்பொருளுக்குத் தனி ரசீது கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். ரசீது தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறைதான்.

2. இணைப்பொருளின் மூடியைத் திறக்காதீர்கள். முத்திரை உடையாமல் நிழலில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பாதி தெளித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தால் நம் பேச்சு எடுபடாது.

3. அதே நாளில் அதே கடையில் உரம் வாங்கிய அக்கம்பக்கத்தாரின் ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். ஒருவர் ரசீதில் யூரியாவும் புட்டியும் இருந்தால், "அவர் விரும்பி வாங்கினார்" என்று கடைக்காரர் சொல்லிவிடலாம். பத்துப் பேர் ரசீதிலும் மூட்டைக்கு ஒரு புட்டி வீதம் இருந்தால் அந்தப் பேச்சு நிற்காது.

4. இரண்டொரு நாளில் கடைக்காரருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பமிட மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, இன்ன தேதியில் தங்கள் கடையில் மூன்று மூட்டை யூரியா கேட்டேன். மூன்று புட்டி திரவ உரமும் வாங்கினால்தான் யூரியா தர முடியும் என்று தாங்கள் கூறியதால், பயிரின் அவசரம் கருதி வாங்கினேன். புட்டிகளைத் திறக்கவில்லை. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 675 ரூபாயை 15 நாட்களுக்குள் தர வேண்டுகிறேன். ரசீதுகளின் நகல் இணைக்கப்பட்டுள்ளது."

பெரும்பாலான கடைக்காரர்கள் நம் ஊரைச் சுற்றியே பிழைப்பவர்கள். எழுத்தில் கேட்டால் பலரும் இறங்கி வருவார்கள். "மேலிருந்து எங்கள் தலையில் கட்டுகிறார்கள்" என்று அவர்கள் சொல்வதிலும் சில இடங்களில் உண்மை இருக்கலாம். அப்படியானால் அவர்கள் மேலே முறையிடட்டும். வணிக நிறுவனங்களுக்குள் நடக்கும் இத்தகைய கட்டாய விற்பனையைப் பற்றி 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் பேசுகிறது. அந்தச் சுமையை உழவன் முதுகில் இறக்கிவைக்க நியாயம் இல்லை.

எங்கே முறையிடுவது?

முதலில் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமோ, மாவட்டத் தரக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநரிடமோ எழுத்தில் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். பலரைப் பாதிக்கும் நுகர்வோர் உரிமை மீறல் பற்றி மாவட்ட ஆட்சியரிடம் புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவே ஊரார் சேர்ந்து, ரசீதுகளை இணைத்து ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

இவற்றால் பயன் கிட்டாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கடை வெளியூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும், அந்த வணிக முறையையே நிறுத்தவும் ஆணையம் உத்தரவிடலாம்.

225 ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று நீங்கள் நினைப்பது இயல்பு. ஒரு புட்டியை மட்டும் பார்த்தால் அது சிறு தொகைதான். ஆனால் ஒவ்வொரு போகத்திலும், ஒவ்வொரு மேலுரத்துக்கும், ஊரில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தனி ஆளாக அலைவது சிரமம் என்றால், உழவர் மன்றமோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ பொறுப்பேற்று ரசீதுகளைச் சேர்க்கட்டும். இந்தப் போகத்துக்கு எத்தனை மூட்டை தேவை என்பதை மண் ஆய்வு அறிக்கையைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டு, அவசரம் வருமுன் வாங்கி ஈரம் படாமல் வையுங்கள். அவசரத்தில் நிற்பவரிடம்தான் இணைப்பொருள் எளிதில் விலைபோகிறது.

அடுத்த முறை உரக்கடைக்குப் போகும்போது மண் ஆய்வு அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது ரசீது இல்லாமல் படியிறங்காதீர்கள்.