விலைவாசியை வேலைநாள் கணக்கில் அளப்போம்

(அருப்புக்கோட்டை மில் தொழிலாளர்களும் திருச்சுழி வட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் செய்த பேச்சின் எழுத்து வடிவம்)



விலைவாசியைப் பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். விலை ஏறிவிட்டது என்று உங்களுக்குச் சொல்ல ஒரு பேச்சாளன் வேண்டியதில்லை. கடைக்குப் போய்வரும் பிள்ளைக்கே அது தெரியும். ஏறிய விலையில் எதை நம் கையால் சமாளிக்க முடியும், எதை ஒன்றுசேர்ந்து கேட்டால்தான் பெற முடியும் என்பதே நாம் பேச வேண்டிய விஷயம்.

இதற்கு முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். நம் கரிசல் காட்டில் ஒரு காலத்தில் கூலியைக் கம்பாகவும் சோளமாகவும் படியால் அளந்து கொடுத்தார்கள். அளப்பவர் படியைச் சிறிதாக்கி ஏமாற்றினால் ஊரே பார்த்துவிடும், சண்டைக்கு வரும். இன்று கூலி ரூபாயாக வருகிறது. ரூபாயும் ஒரு படிதான். ஆனால் அது வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போகிற படி. நோட்டில் போட்ட எண் மாறுவதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ரூபாயை வைத்து அளக்காதீர்கள். ஒரு சாமானை வாங்க எத்தனை நாள் வேலை செய்ய வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2020 நவம்பரில் சென்னையில் வீட்டுக் காஸ் சிலிண்டர் விலை 610 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 256 ரூபாய். ஒரு சிலிண்டருக்கு இரண்டரை நாள் வேலைகூட ஆகவில்லை. 2023 மார்ச்சில் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. 2023–24இல் கூலி 294 ரூபாய். அதாவது ஏறக்குறைய 4 நாள் வேலை. கூலி 38 ரூபாய் ஏறியது, சிலிண்டர் 508 ரூபாய் ஏறியது. பிறகு 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்பு 100 ரூபாயும் குறைத்தார்கள். குறைத்த பிறகும், 319 ரூபாய்க் கூலியில் அது இரண்டரை நாளுக்கு மேல்தான். 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் கூட்டினார்கள். காஸ் வாங்க முடியாத தாய்மார்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடி சீமைக் கருவேலங் காட்டுக்குள் போனார்கள். விலைவாசி அவர்களிடமிருந்து பணத்தை மட்டுமல்ல, பொழுதையும் கண்ணையும் மூச்சையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

எதில் சிக்கனம்?

விலை ஏறும்போதெல்லாம் வசதியுள்ளவர்கள் நமக்குச் சிக்கனம் உபதேசிக்கிறார்கள். நம் வீட்டில் சிக்கனம் என்றால் முதலில் நிற்பது பருப்பு, அடுத்தது முட்டை, அதற்கடுத்தது பால். அதிலும் முதலில் குறைவது வீட்டுப் பெண்ணின் தட்டில். ராத்திரி ஷிப்டில் நூற்பு மிஷினுக்கு முன் நிற்கும் பெண்ணும், புரட்டாசி வெயிலில் களை எடுக்கும் பெண்ணும் வயிற்றைக் குறைத்தால் அந்தக் கடனை உடம்பு கட்ட வேண்டியிருக்கும். ஆகவே சாப்பாட்டில் சிக்கனம் கூடாது. இதை வீட்டில் ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பங்கை விடாமல் வாங்குவோம்

நாம் செய்யக்கூடியதில் முதல் காரியம் ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. இது யாரும் போட்ட பிச்சை அல்ல. அரிசிக்காக இந்த நாட்டு ஜனங்கள் பல காலம் நடத்திய கிளர்ச்சிகளின் பலன். 2024இல் வெளிக்கடையில் துவரம் பருப்பு கிலோ 150 ரூபாய்க்கு மேல் விற்றது. ரேஷனில் 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் எண்ணெய் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டிலும் சேர்த்து மாதம் 195 ரூபாய் மிச்சம். அரை நாள் கூலிக்கு மேல்!

ஆனால் "சரக்கு வரவில்லை" என்ற ஒரு வார்த்தையில் இந்த அரை நாள் போய்விடும். 2024 மே மாதத்தில் பல இடங்களில் பருப்பும் எண்ணெயும் வரவில்லை. ஜனங்கள் கேட்டார்கள். மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று சர்க்கார் அறிவித்தது. கேட்காதவன் பங்கு காற்றோடு போகும். தெருவுக்கு இருவர் பொறுப்பேற்று, எந்தச் சரக்கு எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத்தில் இருக்கும் கேள்விக்குத்தான் அதிகாரி பதில் சொல்வார்.

வீட்டுக் கொல்லை

இரண்டாவது, கொல்லை. நம் பக்கத்தில் தோட்டம் என்றால் கிணறும் பம்புசெட்டும் உள்ளவர் நிலம். நான் சொல்வது அதுவல்ல. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி வீணாகிற இடம் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். குடிதண்ணீரையே குடம் குடமாய் விலைக்கு வாங்கும் ஊர்கள் உண்டு. அங்கே நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்வது அறியாமை. கழுவிய தண்ணீருக்கு இரண்டாவது வேலை கொடுங்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீர் கீரைப் பாத்திக்கு. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விட வேண்டாம், அது முருங்கைக்கும் வாழைக்கும் போகட்டும்.

எதை நடுவது? கரிசலில் நிற்கிறதை நடுங்கள். ஒரு முருங்கை, வேலியில் ஒரு அவரை, கூரையில் ஒரு சுரை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு கத்தரி, கொஞ்சம் கொத்தவரை, ஒரு பாத்தித் தண்டுக்கீரை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 செடி முருங்கை ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். காய்க்கு முன்பே இலை கிடைக்கும். அதில் இருக்கிற இரும்புச் சத்து ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அவசியம். சுண்ணாம்பு பூசாத பழைய மண்பானையைச் செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள். தண்ணீர் மெதுவாகக் கசிந்து வேரைச் சேரும், வெயில் உறிஞ்சாது. செடி அடியில் சருகைப் பரப்புங்கள். மண்ணும் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது.

ஒரு எச்சரிக்கை. கொல்லையும் விலைவாசிக்குத் தப்பியதல்ல. கடையில் வண்ணப் பாக்கெட் விதை, பை உரம், பிளாஸ்டிக் பை, ரப்பர் குழாய் என்று வாங்கினால் கீரைக்கு முன் கடைக்காரர் பிழைப்பார். உரத்துக்கு மட்கிய ஆட்டுப்புழுக்கை போதும். வேலிக்குக் கருவேல முள் போதும். முதல் காயை விதைக்கு விட்டு, சாம்பலில் கலந்து வைத்து, பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்ளுங்கள். கொல்லையே இல்லாத காலனிகளில் உடைந்த குடமும் பழைய சாக்கும் உதவும். ஆனாலும் கொல்லையோடு கூடிய வீட்டுமனை வேண்டும் என்ற கோரிக்கையை அதற்காக மறந்துவிடக் கூடாது.

இப்போது கணக்கு. கீரைக் கட்டு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 3 கட்டு வீட்டிலேயே கிடைத்தால் மாதம் 180 ரூபாய். இதுவும் அரை நாள் கூலிக்கு மேல். ரேஷனையும் சேர்த்தால் மாதம் 375 ரூபாய், ஒரு நாள் கூலிக்கு மேல். நல்லது, விட வேண்டாம். ஆனால் இந்த 180 ரூபாய் சும்மா வரவில்லை. யாரோ தண்ணீர் சுமந்தார்கள், யாரோ களை பறித்தார்கள். அந்த யாரோ எப்போதும் வீட்டுப் பெண்ணாகவே இருந்தால், விலைவாசியை அவள் ஓய்விலிருந்து நாம் கட்டுகிறோம் என்று அர்த்தம். ஆண் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குடம் எல்லோர் தோளிலும் ஏறும்.

மிச்சம் எங்கே போகிறது?

மிச்சம் பிடித்த 375 ரூபாய் எங்கே போகிறது? 10,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கிய வீட்டில் வட்டி மட்டும் மாதம் 500 ரூபாய். ஒன்றரை நாள் கூலி! கொல்லையும் ரேஷனும் கொடுத்ததை வட்டி விழுங்கிவிட்டு இன்னும் கேட்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. தனி ஆளாய்ப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறப் பயப்படுகிறோம். சங்கத்தோடு போங்கள். மிச்சமாகும் காசை வேறு செலவுக்கு விடாமல் அசலில் கட்டுங்கள். அசல் கரைந்தால்தான் வட்டி குறையும்.

பஞ்சப்படி யாருக்கு?

கடைசியாகக் கூலி. விலை ஏற்றத்துக்கு ஈடாகக் கொடுக்கும் தொகையை மில் தொழிலாளர்கள் பஞ்சப்படி என்கிறார்கள். அந்தப் பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் விலை ஏறியபோது பம்பாய் மில்களில் இந்தப் படி தோன்றியது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தங்கள் நடத்தி அதை நிலைநிறுத்தினார்கள். விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

ஆனால் இன்று மில்லுக்குள்ளேயே காண்ட்ராக்ட், பயிற்சியாளர் என்ற பெயரில் வேலை செய்கிறவர்களுக்குப் பல இடங்களில் மொத்தமாக ஒரு தொகை. அதில் பஞ்சப்படி எவ்வளவு என்று எழுத்தே இல்லை. விவசாயத் தொழிலாளிக்கோ வரப்பில் நின்று பேசி முடிக்கும் கூலியில் அந்தச் சொல்லே இல்லை. நூறு நாள் வேலைக் கூலியை விவசாயத் தொழிலாளர் வாழ்க்கைச் செலவுப் புள்ளியை வைத்து உயர்த்தி வந்தார்கள். அந்தப் புள்ளியின் கதையைக் கேளுங்கள். 1983இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கை வைத்து, 1986–87ஐ அடிப்படை வருஷமாகக் கொண்டது அது. 2025இல்தான் 2019 அடிப்படைக்கு மாற்றினார்கள். 1983இல் கூலிக்காரர் வீட்டில் காஸ் அடுப்பு ஏது? செல்போன் ரீசார்ஜ் ஏது? 40 வருஷத்துப் பழைய கூடையில் இன்றைய செலவு எப்படி நிறையும்? இதுவும் ஒரு சிறுத்த படிதான்!

தினக் கூலி 10 ரூபாய் உயர்ந்தால் 20 நாள் வேலையில் மாதம் 200 ரூபாய். மாதம் முழுவதும் தண்ணீர் சுமந்து கொல்லையில் எடுத்ததைவிட அது அதிகம். கொல்லை வீட்டுக்கு ஒரு ஊன்றுகோல். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் கூலி ஏறாமல் நடக்க முடியாது. கொல்லை போடுங்கள் என்று சொல்லிக் கூலியைப் பற்றிப் பேசாதவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கூலியை மட்டும் பேசிக் கொல்லையை ஏளனம் செய்வதும் சரியல்ல. போராடுகிற வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இந்த வட்டாரத்தில் ஒரே வீட்டில் மகள் மில் வேனில் ஏறுகிறாள், தாய் களைக்கொட்டோடு காட்டுக்குப் போகிறாள். இருவரும் ஒரே கடையில்தான் புளி வாங்குகிறார்கள். மகளுக்கு ஒரு சங்கம், தாய்க்கு ஒரு சங்கம் என்றாலும் கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும். மில்லில், பஞ்சப்படி தனியாகக் காட்டிய சம்பள ரசீது எல்லோருக்கும் வேண்டும். காட்டில், விலையோடு சேர்ந்து ஏறும் கூலி வேண்டும். கடையில், தேதி தவறாத பருப்பும் எண்ணெயும் வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கம் எடுங்கள். இந்த மாதம் வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே எத்தனை நாள் வேலை என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். கூலிப் பேச்சுவார்த்தையில் அந்தக் கணக்கையே மேஜைமேல் வைப்போம்.