புதிய கல் வருகிறது; கொத்தனாருக்கு என்ன வருகிறது?

(சங்கத்தின் டில்லிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வேயில் சரக்குப் பிரிவு எழுத்தன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. விஞ்ஞானம் பேச எனக்கென்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். சிமெண்ட் வாகன்களுக்கு ரசீது எழுதுகிறவன் நான். அந்த மூட்டைகளைச் சுமக்கிறவர்கள் நீங்கள். சிமெண்டைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர் யார்?

போன கூட்டத்தில் சித்தாள் வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்டார்: "அண்ணே, குளிர்காலம் வந்தால் காற்று கெட்டுவிட்டது என்று வேலையை நிறுத்துகிறார்கள். காற்று நல்லா இருக்கட்டும். எங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?" அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் தேடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கட்டடத் தொழில் இப்படியே போக முடியாது. உலகம் முழுவதும் மனிதன் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்துச் சிமெண்ட் செய்கிறார்கள். உலைக்குப் போடும் நிலக்கரியின் புகை ஒரு பங்கு. அந்தக் கல்லே வெந்து வெளிவிடும் வாயு அதைவிடப் பெரிய பங்கு. ஆகவே எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது. வேகும் கல்லின் அளவையும் குறைத்தாக வேண்டும்.

அதற்கு வழி வந்துவிட்டது. டில்லி ஐ.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும், சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டு அறிஞர்களோடு சேர்ந்து ஒரு புதுச் சிமெண்டை உருவாக்கின. எல்.சி.3 என்று பெயர். வெந்த சுண்ணாம்புக் கல் பாதியளவுதான். மீதியில் பெரும்பகுதி, குறைந்த சூட்டில் சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக் கல் தூளும். வாயு 30 முதல் 40 விழுக்காடு வரை குறைகிறது. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்குத் தரம் வகுத்துவிட்டது.

செங்கல்லுக்கும் மாற்று உண்டு. அனல் மின் நிலையச் சாம்பலைச் செங்கல்லுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று 1999-இலேயே மத்திய அரசு ஆணை போட்டது. சாம்பல் கல்லுக்குச் சூளை வேண்டாம். வயலின் மேல்மண்ணும் தப்பும். இடித்த கட்டடத்தின் கூளத்தை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலை, இதே டில்லியில் புராரியில் 2009 முதல் இருக்கிறது.

இவையெல்லாம் நல்லவை. வரவேற்கிறேன். ஆனால் வரவேற்பதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

என் தகப்பனார் தண்டவாளக் கேங்கில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டை. ஆட்கள் கூடித் தூக்குவார்கள். ஜல்லியைக் கையால் இடித்து இறுக்குவார்கள். பிறகு கான்கிரீட் கட்டை வந்தது. ஒன்று 250 கிலோவுக்கு மேல். காடு தப்பியது, வண்டி வேகமாக ஓடியது. ஜல்லியை இறுக்க இயந்திரம் வந்தது. "கட்டை மாறினது நல்லதுதான். அந்த மிஷினில் உட்கார எங்களில் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?" என்று அப்பா கேட்பார். இன்று அந்தக் கேள்வி உங்கள் வாசலில் நிற்கிறது.

எடை குறைந்த பெரிய பிளாக் வந்திருக்கிறது. சுவர் சீக்கிரம் எழும்புகிறது. கொத்தனாருக்கு வேலை நாள் குறைகிறது. அதை மெஷினால் உலர்வாக அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் வரும் நோய்க்குக் குணமில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். தகுந்த முகக்கவசம் வேண்டும். வாயில் கட்டுகிற துண்டு போதாது. இதைச் செலவு என்று நினைக்கும் காண்ட்ராக்டர் கட்டுவதைப் பசுமைக் கட்டடம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

இனி சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். 1996-இல் வந்த சட்டப்படி கட்டடச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நலனுக்காக வசூலாகிறது. சட்டங்கள் இப்போது தொகுப்புகளாக மாறினாலும் அந்த வசூல் தொடர்கிறது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வேலை நிறுத்தப்பட்ட நாட்களுக்கு அந்த நிதியிலிருந்து தொழிலாளிக்குப் பிழைப்புத் தொகை கொடுக்கச் சொன்னது. 2024-இல் டில்லியில் ஆளுக்கு 8,000 ரூபாய் என்றார்கள். முதலில் வந்தது 2,000. நீதிமன்றம் கண்டித்து, மீதியையும் கொடுக்கச் சொன்னது. அதுவும் யாருக்கு? பதிவு செய்தவர்களுக்கு மட்டும்!

இங்கே கூடியிருப்பவர்களில் பதிவு அட்டை உள்ளவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், பத்துக் கை கூட இல்லை. உங்கள் வியர்வையின் பேரில் வசூலான பணம் பெட்டியில் கிடக்கிறது. நீங்கள் வட்டிக்கு வாங்குகிறீர்கள்.

ஆகவே நம் கோரிக்கை நான்கு. புதுப் பொருள் வரும் ஒவ்வொரு வேலைத்தளத்திலும், கூலி குறையாமல் அந்த வேலையைக் கற்றுத்தர வேண்டும். பெண்களுக்கும் கரண்டி கொடுக்க வேண்டும். தூசித் தடுப்பு முதலாளியின் பொறுப்பாக வேண்டும். காற்றுக்காக வேலை நின்றால், அன்றைய கூலி கேட்காமலே வர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது ஒன்று. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த ஓராண்டில் 90 நாள் வேலை செய்தவர் பதிவு செய்யலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆதார், வங்கிப் புத்தகம், வேலை செய்ததற்கான சான்று எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். படிவம் நான் எழுதித் தருகிறேன். பக்கத்தில் கல் சுமக்கும் பீகார்த் தோழரையும் கூட்டி வாருங்கள். தூசி பாஷை பார்த்து நெஞ்சுக்குள் போவதில்லை.

பூமி பிழைக்கட்டும். அதன் மேல் வீடு கட்டுகிறவனும் பிழைக்கட்டும்.