கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கி வாங்கலாமா?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருந்தவன். பாதி சர்வீஸ் நகைக்கடன் கவுன்டரிலேயே போனது. துப்பாக்கியைத் தொட்டவன்கூட இல்லை. சொந்த ஊர் நாகலாபுரம் என்பதால்தான் இந்த விவகாரம் என்னிடம் வந்தது.

என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, நம்ம ஊர்ப் பக்கம் ஒருத்தர்கிட்ட கட்டபொம்மன் படையோட துப்பாக்கி இருக்கு. 1,80,000 சொல்றாரு. புது வீட்டு ஹால்ல மாட்டலாம்னு 20,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

"குடுக்கறதுக்கு முன்னால கேட்டிருக்கலாமே மாப்ளே" என்றேன். ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டிவிட்டு இருவரும் போய்ப் பார்த்தோம்.

விற்பவர் கதையோடுதான் ஆரம்பித்தார். கதை நம்பும்படிதான் இருந்தது. கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை 1799-இல் தூக்கிலிட்டது எங்கள் நாகலாபுரத்தில்தான். ஆனால் 1801 டிசம்பர் 1-ஆம் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கவே தடை போட்டுவிட்டார். ஆகவே அந்தக் காலத் துப்பாக்கி ஒரு வீட்டில் தப்பியிருந்தால், எப்படித் தப்பியது என்று காகிதம் காட்ட வேண்டும். பழைய லைசென்ஸ், பாகப்பிரிவினைப் பத்திரம், தாத்தா கையில் பிடித்த போட்டோ, ஏதாவது ஒன்று. அவரிடம் எதுவும் இல்லை.

பொருளைப் பார்த்தோம். குதிரை அடிக்கிற இடத்தில் மருந்துக் கேப் மாட்டும் முனை இருந்தது. கேப் பரவியதே 1820-களில்தான். பிரிட்டிஷ் படைக்கு வந்தது 1840-ஐ ஒட்டி. கட்டபொம்மன் காலத்தில் சக்கிமுக்கிக் கல் அல்லது திரிதான். "பிற்பாடு மாத்தியிருப்பாங்க சார்" என்றார். மாற்றியது உண்டு, தப்பில்லை. ஆனால் மாற்றினால் பழைய உறுப்புகள் இருந்த துளைகளை அடைத்த தடம் பக்கத் தகட்டில் தெரியும். இதில் தகடு வழவழவென்று இருந்தது.

அதே தகட்டில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம், கீழே 1797. இதைத்தான் நான் ரசித்தேன். கம்பெனி சிங்க முத்திரை போட ஆரம்பித்தது 1808-இல். அதற்கு முன் இதய வடிவ முத்திரை. காசோலையில் தேதி ஒன்று, கையெழுத்து இன்னொருவருடையது என்பது போல. கம்பெனி மஸ்கட்டின் குழல் 39 அங்குலம் இருக்க வேண்டும். டேப் வைத்தேன், 33 தான்.

துருவும் சொல்லும். பழைய துரு கருத்து, மருந்து எரியும் அடிப்பக்கம் பொத்தல் விழுந்திருக்கும். இது எங்கும் ஒரே செம்மண் நிறம். உரைகல்லில் ஒரு மூலையை மட்டும் உரசினால் போதாது என்று எங்கள் வங்கி மதிப்பீட்டாளர் சொல்வார்.

அசலாகவே இருந்தாலும் விலை பொருளுக்குத்தான், கதைக்கு அல்ல. பாகங்கள் எல்லாம் ஒரே துப்பாக்கியுடையவையா, முத்திரை தெளிவா, யாராவது எமரி பேப்பர் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டார்களா என்று பாருங்கள். பாலிஷ் போட்டது என்றால் விலை இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய குழலுக்குள் மருந்து அப்படியே கிடக்கலாம். மரக்குச்சியை விட்டு உள் ஆழத்தை அளந்து, வெளி நீளத்தோடு ஒப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அப்போதும் வாய்க்கு நேரே நிற்க வேண்டாம்.

சட்டம் சுருக்கமாக: 1959 ஆயுதச் சட்டத்தில், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. சுட முடியுமா முடியாதா என்பதை விற்பவர் வாயால் முடிவு செய்யாமல், கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். 100 ஆண்டு தாண்டியதை சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்பவும் முடியாது. 1972 தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

மாப்பிள்ளை துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். அட்வான்ஸில் 5,000 திரும்பியது. மீதி "தை பிறக்கட்டும்" என்றிருக்கிறார்.