கருமபீடத்தை மூடிவிடாதீர்கள்



வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் வந்தால் பம்பைமடுவில் இந்த வவுனியாப் பல்கலைக்கழகம். அதே வீதியில் இன்னும் போனால் செட்டிகுளம். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமாக எழுந்த நிறுவனம் இது. இன்று இங்கிருந்து பட்டம் பெற்று வெளியேறுகிறவர்களில் பலர் கணினி படித்தவர்கள், வணிகம் படித்தவர்கள். நாளை இணையச் சேவைகளை வடிவமைக்கப்போவதும் நடத்தப்போவதும் அவர்கள்தான். செட்டிகுளத்துக்கு அவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

2006இல் கொழும்பில் 3ஜி சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் போரால் வன்னிக்கான ஏ9 வீதி மூடப்பட்டது. நாட்டின் ஒரு பாதி கைத்தொலைபேசியில் இணையம் பார்க்கப் பழகிய காலத்தில், வன்னிக்குள் அரிசியும் மருந்தும் போய்ச் சேர்வதே பெரும்பாடாக இருந்தது. 2009இல் போர் முடிந்தபோது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் பக்கத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மாதக்கணக்காக வெளியே போக அனுமதியில்லை. முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். வீடு, கிணறு, ஆவணம் எல்லாவற்றையும் பூச்சியத்திலிருந்து தொடங்கிய குடும்பங்கள், இணையத்தையும் அப்படித்தான் பிந்தித் தொடங்கின. இன்றுள்ள இடைவெளியைப் பேசும்போது இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமல்ல.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பல்கலைக்கழக மாணவர்களுக்கு 'லேர்ன்' வலையமைப்பு கைகொடுத்தது. பல்கலைக்கழகத் தளங்களுக்குள் டேட்டா கட்டணமின்றி நுழைய வழி செய்யப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கோ பாடம் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வந்தது. வீட்டில் ஒரு போன். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அவர் திரும்பி வந்தபிறகுதான் மூன்று பிள்ளைகளும் முறை வைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் பதுளைப் பக்கத்து போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து பாறையில் ஏறிப் படித்ததை உலகச் செய்தி நிறுவனங்கள் படம்பிடித்தன. படமெடுக்க ஆள் வராத கிராமங்கள் வன்னியிலும் இருந்தன.

லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனத்தின் கணிப்பின்படி, 2021இல்கூட இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 44 சதவீதத்தினரே இணையம் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி. 2022 செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதம் ஏறின. ரீலோட் போடுவதா, பால்மா வாங்குவதா என்ற கேள்வி எழுந்த வீடுகளில் எது முதலில் நின்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் சிக்னல் கோபுரமும் கட்டணமும் மட்டுமே சிக்கல் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்த்ததாகும். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. வரிசைகளைக் குறைத்தது, பதுக்கலைத் தடுத்தது. அந்த அளவில் நல்ல வேலை. ஆனால் அது வாகனப் பதிவிலக்கத்தை வைத்துத் தொடங்கப்பட்ட முறை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஏது பதிவிலக்கம்? அதை வைத்துப் பயிர் செய்கிறவருக்கு முதலில் அதில் இடமே இருக்கவில்லை. பிறகுதான் வழி திறந்தது. அந்தப் படிவத்தைத் தயாரித்த மேசையில் ஒரு தோட்டக்காரரும் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்.

ஸ்மார்ட் போன் இல்லாதவர் என்ன செய்வார்? சந்தியில் இருக்கிற கொமினிகேஷனுக்குப் போவார். காசு கொடுப்பார். அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்வார், வந்த ரகசிய எண்ணையும் வாசித்துக் காட்டுவார். கடவுச்சொல் கடைக்காரரின் கொப்பியில் இருக்கும். இலவசமாகக் கிடைக்க வேண்டிய அரச சேவைக்கு ஏழை கட்டும் வரி இது. அவரும் இணையப் பயனாளி என்றே கணக்கில் சேர்ந்துவிடுவார். அவர் கையில் எதுவும் இல்லை.

பெண்களின் நிலை இன்னொரு படி கீழே. வீட்டில் போன் இருந்தாலும் அது யார் கையில் என்பது வேறு விடயம். 2019இல் கோழிக்கோட்டில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் மாலையில் போன் பயன்படுத்தக்கூடாது என்ற விதியை ஏற்க மறுத்ததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த நாட்டிலும் நல்ல முன்மாதிரி இருந்தது. கோயில், விகாரை, நூலகம் என்று ஊர் கூடும் இடங்களில் அமைக்கப்பட்ட நெனசல கணினி நிலையங்கள் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதைப் பெற்றன. அவற்றின் பெறுமதி கணினியில் மட்டும் இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை வருகிறவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் பெரிது. எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது என்ற நினைப்பில் அந்த ஆளை மறந்தது தவறு.

2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கு கவ்பே இணைய முறை வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையமும் வந்தது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அதன் மாதக் கட்டணம் எட்டாது. இனி வருகிறவையும் வேகமாகவே வரும்.

பட்டதாரிகளே, அவற்றில் சிலவற்றை நீங்கள் செய்வீர்கள். செய்யும்போது தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலப் பக்கத்தோடு ஒரே நாளில் முழுமையாக வெளியிடுங்கள். பொத்தான் போனிலும் வேலை முடிகிற வழி ஒன்று வையுங்கள். வெளியிடுவதற்கு முன் செட்டிகுளம் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு நாள் கொண்டுவந்து, உரத்துக்கு வந்து நிற்கிற விவசாயியிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்துங்கள். அதுவரை பிரதேச செயலகத்தின் கருமபீடத்தை மூடச் சொல்லி யாருக்கும் அறிக்கை எழுதிக் கொடுக்காதீர்கள்.