காசு யார் கையில் விழுகிறது?

(பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடந்த குடும்பக் கூட்டத்தில் பேசியது)



நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிறவன். சீட்டையும் மீதிச் சில்லறையையும் பயணியின் கையில் கொடுத்தால்தான் கணக்கு முடியும். பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அரசாங்க உதவித்தொகைக்கும் இதுதான் அளவுகோல்.

1962இல் சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாய். கேரளத்தில் 1980இல் விவசாயத் தொழிலாளர் பென்ஷன் 45 ரூபாய். தபால்காரர் வரும் வழியைப் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. இன்று கேரளத்தில் ஒன்று வங்கிக் கணக்கு. இல்லையேல் கூட்டுறவுச் சங்க ஊழியர் வீட்டுக்கே கொண்டுவருகிறார். 1600 ரூபாயாக இருந்த தொகை 2025 நவம்பரில் 2000 ஆனது. இது யாரும் போட்ட பிச்சை அல்ல, உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு உரிய பங்கு.

கையில் வருவதில் 200 ரூபாய் குறைகிறது என்று சில பாட்டிமார் ஊழியரைத் திட்டுகிறார்கள். திட்டுமுன் பாஸ்புக்கைப் பாருங்கள். முதியோர் சிலருக்கு மத்திய அரசின் பங்கு தனியாக வங்கிக்குப் போகிறது. அங்கும் இல்லையென்றால் அப்போது கேளுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.

அடுத்தது மஸ்டரிங். உயிரோடு இருக்கிறேன் என்று அக்ஷயா மையத்தில் விரல் வைக்க வேண்டும். செங்கல் சுமந்த கைக்கு ரேகை ஏது? நம் தெருவில் ஒரு பாட்டிக்கு மிஷின் எடுக்கவில்லை. "நான் செத்துட்டேனாம்லே" என்று சிரித்துக்கொண்டே அழுதார். ரேகை பதியாதவர் பஞ்சாயத்தில் உயிர்ச் சான்று கொடுக்கலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கூட்டிப்போய்க் கொடுத்தோம், பென்ஷன் திரும்பியது. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு ஊழியர் 1458 பேர் ஏழைகளின் பென்ஷனை வாங்கியதாக 2024இல் நிதித்துறையே கண்டுபிடித்தது. சோதனை அவர்களைப் பிடிக்கட்டும், தேய்ந்த விரலைத் தண்டிக்க வேண்டாம்.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கல். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய அரசின் அரிசி எல்லை தாண்டும், மாநிலம் தரும் பணம் தாண்டாது. 2021இல் தமிழகம் கொரோனா உதவியாக 4000 ரூபாயை இரண்டு தவணையில் கொடுத்தது, அங்கே அரிசி அட்டை உள்ளவர்களுக்கு. கேரளம் கிட் கொடுத்தது, இங்கே அட்டை உள்ளவர்களுக்கு. இரண்டு அட்டை வைப்பது குற்றம். ஓர் அட்டையும் இல்லாதிருப்பது பட்டினி. எங்கே வாழ்கிறோமோ அங்கே ஒரே அட்டையை உறுதியாக்குங்கள்.

ஆகவே, எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பாஸ்புக் அவரவர் பெட்டியில் இருக்கட்டும். மகனானாலும் மேஸ்திரியானாலும் கொடுத்து வைக்காதீர்கள். மஸ்டரிங் வந்தால் தெருவோடு சேர்ந்து போங்கள். தனியாக நின்றால் வரிசையில் ஒரு கிழவி. பத்துப் பேராக நின்றால் சங்கம்.